படலை தாண்டும் நாய்: வலிகாமத்து ஒழுங்கை ஒன்றில் நடந்ததன் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தின் செம்மண் பக்கத்தில் ஒரு ஒழுங்கை. அதன் நடுவில் இரண்டு பரப்புக்குச் சற்றுக் கூடிய வளவும் வீடும். வீட்டில் இருப்பவர்கள் ஆச்சி, வேலைக்குப் போகும் மகள், ஏ.எல். படிக்கும் பேரன், ஒன்பதாம் வகுப்புப் பேத்தி. பிள்ளைகளின் தகப்பனுக்குக் கொழும்பில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். பகலில் பெரும்பாலும் ஆச்சி தனியே. கள்ளர் பயத்துக்குத்தான் நாய் வந்தது.

நாய்க்குக் கறுவல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அல்சேஷன் கலப்பு, ஆண். கிளிநொச்சியில் உறவினர் வீட்டிலிருந்து குட்டியாகக் கொண்டுவரப்பட்டது. இந்தச் சம்பவங்கள் நடந்தபோது வயது மூன்று, நிறை முப்பது கிலோவுக்குக் கிட்ட. பகலில் மாமரத்தடியில் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுதல் என்பதுதான் வழக்கம். ஒன்றரை வயதுக்குப் பிறகு வேலிக்கு அப்பால் ஏதாவது ஆண் நாய் நடமாடினால் போதும், சங்கிலி அறுமளவுக்கு இழுக்கத் தொடங்கியது. அவிழ்ந்த நேரங்களில் எப்படியோ ஒழுங்கைக்குப் போய்விடும். போனால் சண்டை. வீட்டாரிடம் சொல்லுக்கேட்ட நாய். “அங்கிள், அவன் எங்களைப் பார்த்து வாலாட்டிக்கொண்டுதான் வெளியில போறவன்” என்றான் பேரன் என்னிடம்.

வளவின் எல்லைகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கதை முழுக்க அங்கேதான் கிடக்கிறது. முன்பக்கம் இடுப்பளவு மதில், இரும்புக் கேற். தெற்கே பக்கத்து வீட்டாரின் பனையோலை வேலி. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவரிடமும் ஒரு வயதான ஆண் நாய். பின்பக்கம் முள்ளுக்கம்பி. அதற்கு அப்பால் வெளிநாட்டில் இருப்பவர்களின் வெறும் வளவு, நாயுண்ணிப் பற்றை மண்டிக் கிடந்தது. கட்டாக்காலி நாய்கள் குட்டி போடுவது அந்தப் பற்றைக்குள்தான்.

நான் அரச கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். மிருக வைத்தியர் அல்ல. கறுவலின் வீட்டாருக்கும் மாஸ்டருக்கும் பொதுவாகத் தெரிந்தவன் என்பதால் இதற்குள் இழுக்கப்பட்டேன். இரு வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

கையில் கடி விழுந்த நாள்

ஆனி மாதம், சோளகம் என்ற தென்மேல் காற்று பலமாக அடித்த கிழமை. வேலியைத் தாங்கும் மரத் தடிகளான கதியால்களில் சில ஏற்கெனவே பட்டுப்போய்க் கறையான் அரித்திருந்தன. காற்றில் ஒரு துண்டு வேலி சரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கறுவல் அந்தப் பொட்டுக்குள்ளால், அதாவது வேலி ஓட்டைக்குள்ளால், புகுந்து மாஸ்டரின் முற்றத்தில் அவருடைய நாயின் கழுத்தைக் கவ்வியது. மாஸ்டர் ஓடிவந்து தன் நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தார். அவருடைய வலது கையில், பெருவிரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கியது.

எந்த நாய் கடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாய்ச் சண்டையில் இது புதினமில்லை. கழுத்தில் பிடிபட்ட நாய் வலியில் தலையைத் திருப்பிக் கிட்ட வரும் எதையும் கடிக்கும், அது எசமானின் கையாக இருந்தாலும். கறுவல்தான் கடித்தது என்று மாஸ்டரின் வீட்டார் நின்றார்கள். அவருடைய நாயே கடித்தது என்று கறுவலின் வீட்டார் நின்றார்கள். வைத்தியசாலையில் அந்த வாதத்துக்கு இடமிருக்கவில்லை. சந்தேகம் என்றால் இரண்டையும் கண்காணிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் செய்த ஒரு காரியம் சரியானது. அயலில் ஒருவர் காயத்தில் அப்பக் கோப்பித்தூளோடு ஓடிவந்தும் அவர் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் காயத்தைக் கழுவிவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போனார். விசர்நாய்க்கடியில் முதற் பாதுகாப்பு அதுதான். அங்கே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இரண்டு நாய்களையும் 14 நாள் கட்டிவைத்துப் பார்க்கும்படி சொல்லப்பட்டது. மாஸ்டரின் நாய்க்கு விசர்த் தடுப்பூசி அட்டை சரியாக இருந்தது. கறுவலின் அட்டையில் கடைசி ஊசிக்கு ஒரு வருடம் எப்போதோ தாண்டியிருந்தது. வேலியை விட, கடியை விட, அந்த அட்டைதான் மாஸ்டரின் மனைவியை அதிகம் கோபப்படுத்தியது. அவர் கோபித்ததில் நியாயம் இருந்தது. பற்றைக்குள் இருக்கும் ஊசி போடாத நாய்களோடு சண்டை பிடித்துவிட்டு வரும் நாய், அந்த ஆபத்தையும் கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறது.

மாஸ்டரின் நாய்க்கு வெளியே தெரிந்தது சிறு துளைகள்தான். மிருக வைத்தியர் மயிரை வழித்துப் பார்த்தபோது தோலுக்கும் தசைக்கும் இடையே ஒரு பை போல அகன்றிருந்தது. கவ்விக்கொண்டு தலையை உதறினால் அப்படித்தான் ஆகும். அழுக்கு உள்ளே அகப்படக்கூடாது என்பதால் முழுவதும் தைத்து மூடாமல் கழுவி, வடிய விட்டு, நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தார்கள். செலவைக் கறுவலின் வீடு ஏற்றுக்கொண்டது. முறைப்பாடு பொலிஸ் வரை போனது. இப்படியான அயல் பிணக்குகள் பெரும்பாலும் சமரசம் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குத்தான் அனுப்பப்படும் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். கிராம அலுவலர் அதற்கு முன்னரே ஒருமுறை இருந்து கதைப்போம் என்று கூப்பிட்டார்.

பார்த்ததும் கொப்பியில் விழுந்ததும்

முதலில் வேலியைப் பார்த்தேன். வேலியோரம் நீளத்துக்கு ஒரு சாண் அகலத்தில் புல் இல்லாத தடம். செம்மண் மிதிபட்டு மினுங்கியது. நாயின் மூக்கு உயரத்தில் ஓலை கிழிந்து, கிழிசலில் கறுப்பு மயிர். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே தடம், அதே உயரத்தில் கிழிசல், மயிர் மட்டும் மண்ணிறம். இரண்டு நாயும் நாள் முழுக்க வேலியின் இரு பக்கமும் ஓடி ஓடிக் குரைத்துப் பழகியிருந்தன. ஓலையின் இடைவெளியால் எதிரி தெரிகிறான், எட்ட முடியவில்லை. அந்த எரிச்சல் ஒவ்வொரு நாளும் ஏறும். வேலி சரிந்த நாளில் நடந்தது அன்று தொடங்கிய சண்டை அல்ல.

பிறகு பேரனிடம் ஒரு கொப்பி கொடுத்து, நாய் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் நேரம், வழி, வீட்டில் யார் யார், எந்த நாயோடு சண்டை என்று எழுதச் சொன்னேன். பழையவற்றையும் எல்லோரும் இருந்து நினைவுபடுத்தி எழுதினார்கள். கண்காணிப்புக் காலத்தில் சங்கிலியில் இருந்தபோது அது எப்போது எழும்பி இழுக்கிறது என்பதும் அதில் ஏறியது.

வீட்டில் எல்லோரும் வேலிப் பொட்டைத்தான் குற்றம் சொன்னார்கள். கொப்பி சொன்னது வேறு. பெரும்பாலான தடவை நாய் போனது கேற்றால்.

அதிலும் இரண்டு நேரங்கள். ஒன்று பின்னேரம் மூன்றரை மணி. பேத்தி ரியூசனுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் நேரம். இரண்டு கையும் சைக்கிள் காண்டிலில். கேற்றை முழங்காலால் தள்ளித் திறப்பாள். திரும்பிச் சாத்த மற்றொரு கை இல்லை. அந்த நேரத்தில் நாய் ஏன் அவிழ்ந்து நின்றது? ஆச்சி. “பாவம், விடிஞ்சதிலயிருந்து கட்டிக் கிடக்குது” என்று சாப்பாட்டுக்குப் பிறகு அவிழ்த்துவிடுவாராம். மகளுக்கு இது தெரியாது. கொப்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அன்று வீட்டில் கொஞ்சம் சத்தம்.

மற்றது காலையில் மீன்காரர் வரும் நேரம். அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் நாலைந்து ஒழுங்கை நாய்கள் எப்போதும் வரும், தலையும் குடலும் விழும் என்று. ஹோர்ன் அடித்ததும் ஆச்சி சட்டியோடு கேற்றைத் திறப்பார். வெளியே ஐந்து நாய், உள்ளே இரவு முழுக்க அவிழ்ந்து திரிந்த கறுவல். சண்டைக்கு இதைவிட ஒழுங்கு செய்து கொடுக்க முடியாது.

எல்லா நாயோடும் அது சண்டைக்குப் போகவில்லை என்பதும் தெரிந்தது. பெட்டை நாய்களையும் குட்டிகளையும் மணந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். ஆண் நாய்களோடுதான் கொழுவல், அதிலும் தன் கேற்றிலிருந்து ஐம்பது அறுபது அடிக்குள். தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் வேறு ஆண் நாய்கள் நின்றன. உடம்பு விறைத்தது, வால் நிமிர்ந்தது, முதுகு மயிர் சிலிர்த்தது. ஆனால் இருபது அடி தள்ளிக் கூட்டிப்போனதும் தண்ணீர் குடித்தது. தூரம் கிடைத்தால் அடங்கக்கூடிய நாய் என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

ஒன்று மட்டும் கவலை தந்தது. கறுவல் உறுமுவது குறைவு. முன்பு உறுமினால் தகப்பன் தும்புத்தடியால் அடிப்பாராம். உறுமல்தான் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் நாய் உறுமலை விடும், கடியை விடாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதற் கேள்வி, நாய் இருக்க வேண்டுமா என்பது. தகப்பனின் யோசனை, வன்னிப் பக்கம் தோட்டக்காரர் யாருக்காவது கொடுத்துவிடலாம். மாமன் ஒருவரின் யோசனை, சந்தைப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடலாம். இரண்டாவது இங்கே சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் நம்முடைய தலையிடியை முகம் தெரியாத இன்னொரு ஒழுங்கையில் இறக்குவது அது. முதலாவதுக்குச் சண்டைக் கதையை ஒளிக்காமல் சொன்னபோது ஏற்க ஆள் கிடைக்கவில்லை. ஊசி போட்டுக் கொல்வது பற்றியும் கதைத்தோம். சண்டைக்கு வெளியே மனிதரைப் பாய்ந்த வரலாறு இல்லாததால் அதற்கு இப்போது தேவையில்லை என்றார் மிருக வைத்தியர். ஒழுங்கையில் பிள்ளை ஒன்றின் மேல் பாய்ந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நாயின் குணத்தை மாற்றுவது இரண்டாவது வேலை, அது முழுதாக நடக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. வெளியே போகும் வழிகளை அடைப்பதுதான் முதல் வேலை என்று முடிவெடுத்தோம். நாய்க்கு ஒவ்வொரு தப்பலும் ஒரு பரிசு. வெளியே போய், சண்டை பிடித்து, எதிரி ஓடுவதைக் கண்ட நாய்க்கு வீட்டில் என்ன பயிற்சி கொடுத்தாலும் அது அதற்கு ஈடாகாது.

வேலிதான் அதிகம் இழுபட்டது. அது மாஸ்டரின் பங்கு வேலி, அடைக்கவேண்டியது அவர். “உங்கட நாய் உடைச்ச பொட்டை நான் ஏன் அடைக்க வேணும்?” என்றார் அவர். கறையான் அரித்த கதியாலை மாற்றாதது யார் என்றார் ஆச்சி. யாழ்ப்பாணத்தில் இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. நான் சொன்ன வழி, பழைய வேலியை விட்டுவிட்டுக் கறுவலின் வளவுக்குள் மூன்றடி தள்ளி இரண்டாவது வேலி ஒன்று போடுவது. இரண்டு நாயும் மூக்கோடு மூக்கு முட்டாது என்பதே அதன் முதல் பயன். சண்டைப் பழக்கம் ஊறியது அந்த ஓலைக் கிழிசலில்தான். ஆச்சி உடனே கேட்டார்: “அப்ப அந்த மூண்டடிக் காணி?” காலப்போக்கில் எல்லை உள்ளே வந்துவிடும் என்ற பயம். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படி வழக்குப் பேசியவர்கள் அதே ஒழுங்கையில் இருக்கிறார்கள். கடைசியில் எல்லை பழைய கதியால் வரிசைதான் என்று இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கிராம அலுவலர் சாட்சி. அதற்குப் பிறகு மாஸ்டர் தன் பக்கப் பொட்டைத் தானாகவே அடைத்தார்.

உள்வேலிக்குக் கொங்கிறீற் தூணும் பி.ஆர்.சி. எனப்படும் பற்றவைத்த கம்பி வலையும், ஐந்தடி உயரம். வலையின் அடிப்பகுதியில் ஒன்றரை அடியை நாய் நிற்கும் பக்கமாக மடித்து மண்ணுக்குள் படுக்கவைத்து மேலே கல் அடுக்கினோம். செம்மண் ஆழமாகவும் இளக்கமாகவும் இருக்கும், நாய்க்கு ஒரு இரவு போதும். ஆனால் நாய் வேலியின் காலடியில்தான் கிண்டும். அங்கே கம்பி நகத்தில் பட்டால் பின்னுக்கு வந்து கிண்டும் புத்தி பெரும்பாலான நாய்களுக்கு வராது. கீழ் நாலடிக்குப் பனையோலை கட்டிப் பார்வையை மறைத்தோம். இதே வலையால் மாமர நிழலில் பன்னிரண்டுக்குப் பத்தடியில் கூரை போட்ட ஒரு அடைப்பு. பகலில் சங்கிலிக்குப் பதில் அது.

முன்பக்கத்துக்குச் செலவு குறைவு, மூளை கூட. கேற்றுக்கு எட்டடி உள்ளே இன்னொரு சிறிய படலை வைத்தோம், ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக்கூடாது என்று. சொல்வது இலேசு. சைக்கிளோடு நிற்கும் பிள்ளை இதை எத்தனை நாளைக்குச் செய்யும்? தச்சு வேலைக்கு வந்தவர் அரைச் சீமெந்துக் கல் ஒன்றை நைலோன் கயிற்றில் கட்டி, கப்பி ஒன்றின் மேலால் விட்டுப் படலையோடு இணைத்தார். தள்ளினால் கல் மேலே ஏறும். விட்டால் கல் இறங்கிப் படலை தானாகச் சாத்தும், கொளுக்கியும் தானாக விழும். முழு ஏற்பாட்டிலும் எனக்கு அதிகம் பிடித்தது அந்தக் கல்தான். மீனுக்கு ஆச்சி இப்போது ஒழுங்கை முகப்புக்குப் போகிறார். மீன்காரரும் கேற்றடியில் நிற்பதில்லை.

கருத்தடைச் சத்திரசிகிச்சை, ஊர் வழக்கில் நலமடிப்பது, ஆவணியில் நடந்தது. அதைச் செய்தால் நாய் ஆடாகிவிடும் என்று ஒழுங்கையில் சொன்னார்கள், காவலுக்கு உதவாது என்றும் சொன்னார்கள். இரண்டும் சரியில்லை. பெட்டை தேடி அலைவதையும் கண்ட இடமெல்லாம் மூத்திரம் பெய்து எல்லை போடுவதையும் அது நன்றாகக் குறைக்கும். ஆண்களுக்கிடையிலான சண்டை குறையலாம், குறையாமலும் விடலாம். பழகிப்போன சண்டையையும் பயத்தில் வரும் சண்டையையும் கத்தி தொடாது. ஓமோன் அடங்கவே சில கிழமைகள் எடுக்கும். இதை முதலே சொல்லிவைத்ததால் பிறகு ஏமாற்றம் இல்லை.

வாய்ப்பூட்டைப் பொறுத்தவரை வாயை இறுக்கும் பட்டி வகை நம் வெயிலுக்கு ஆகாது, நாய் வாயால்தான் இளைத்துச் சூட்டை ஆற்றுகிறது. கூடை மாதிரியான வகையை எடுத்தோம். அதற்குள் அவித்த ஈரல் துண்டை வைத்து நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை பட்டியைக் கட்டவில்லை. பேரன் விடியற்காலையில் அதோடு நடத்திக் கூட்டிப்போவான். தூரத்தில் நாய் தெரிந்தால், கறுவல் விறைப்பதற்கு முன்னரே ஈரல் கொடுத்துத் திரும்பிவிடுவது. கிட்டப் போய்ப் பழக்குவோம் என்ற வீரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். உறுமினால் அடிப்பதும் நின்றது.

பிறகு நடந்தது

புரட்டாசி முழுக்க அமைதி. தீபாவளிக்கு முதல்நாள் இரவு ஒழுங்கையில் சீன வெடிக் கட்டு ஒன்று தொடர்ந்து வெடித்தபோது கறுவல் அடைப்பின் கூரைக்கும் வலைக்கும் இடையிலிருந்த இடைவெளியால் ஏறிக் குதித்து, மதிலையும் தாண்டி ஓடியது. அது சண்டைக்கான ஓட்டமல்ல, பயத்தில் ஓடியது. ஆனால் பின்வளவு நாய் ஒன்று எதிரே வந்ததும் அது சண்டையாக மாறியது.

இம்முறை யாரும் கையை விடவில்லை. பேரன் கேற்றடியில் இதற்கென்றே சாத்திவைத்திருந்த தகரத்தை இரண்டு நாய்க்கும் நடுவே இறக்கினான். தாய் வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றினார். பிடி விட்டது. வயது வந்தவர்கள் இருவர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னுக்கு இழுப்பதும் முடியும். தனியாள் அதை முயலக்கூடாது. கறுவலுக்குக் காதில் ஒரு கீறல், அடுத்த நாள் மறுபடியும் விசர்த் தடுப்பூசி. அதற்குப் பிறகு வெடிச் சத்தம் வரும் நாட்களில், கோயில் திருவிழா, கலியாண வீடு எதுவானாலும், நாய் சாமான் அறைக்குள், யன்னல் சாத்தி, வானொலி போட்டபடி. கூரை இடைவெளியும் அடைபட்டது.

கார்த்திகை மழையில் மண் இளகி ஒரு தூண் சாய்ந்தது, அன்றே நிமிர்த்தினார்கள். அடுத்த சோளகம் வரை ஒழுங்கையில் வேறு சண்டை பதிவாகவில்லை. கறுவல் மாறிவிட்டதா என்றால் இல்லை. ஆண் நாயைக் கண்டால் இன்றும் குரைக்கும், உள்வேலியோரம் ஓடும். உறுமல் திரும்பி வந்திருக்கிறது, அது எனக்குச் சந்தோசம். வேலியடித் தடத்தில் புல் முளைத்திருக்கிறது.

மாஸ்டரின் கை ஆறிவிட்டது, பெருவிரல் மட்டும் முழுதாக மடங்காது. இரு வீட்டாரும் கதைக்கிறார்கள். நல்லது கெட்டதுக்குப் போய்வருகிறார்கள். மாஸ்டரின் மனைவி மட்டும் ஒவ்வொரு வருடமும் அந்தத் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். காட்டுகிறார்கள்.

இன்னொரு வீட்டில் என்றால்

செய்யும் வரிசை கொஞ்சம் மாறும். கொப்பி முதல் நாளே தொடங்கும், கடி விழும்வரை காத்திராமல். முதற் சண்டைக்குப் பிறகு ஒரு மாதம் எழுதியிருந்தால் மூன்றரை மணிக் கதை அப்போதே தெரிந்திருக்கும். வேலிக்குச் செலவழிக்குமுன் உள்படலையைப் போடுவேன். காசு குறைந்த வீட்டுக்கு அது ஒன்றே பாதிச் சண்டையைக் குறைக்கும். சத்திரசிகிச்சையை வேலிச் சண்டை ஊறுவதற்கு முன், முதிர்ச்சி வரும் வயதில், மிருக வைத்தியரிடம் கேட்டுச் செய்விப்பது நல்லது. அடைப்பின் கூரையை வெடியைக் கேட்டு வெருண்ட நாய் எவ்வளவு உயரம் ஏறும் என்று நினைத்துப் போடவேண்டும், சாதாரண நாளை நினைத்து அல்ல.

பதிவும் உண்டு. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி வளர்ப்பு நாயை உள்ளூராட்சி மன்றத்தில் வருடாவருடம் பதியவேண்டும். ஊரில் பலர் பதிவதில்லை, இந்த இரண்டு வீடும் அப்போது பதியவில்லை. பிணக்கு வந்தபோது இரு பக்கமும் இதனால் வாயடைத்து நின்றதைக் கண்டேன்.

மீதிப் பிரச்சினை பின்வளவு. அதன் உரிமையாளரோடு மாஸ்டர் தொலைபேசியில் கதைத்தார். பற்றை வெட்டக் காசு அனுப்பினார்கள், பாதி வெட்டியாகிவிட்டது. கட்டாக்காலிகளில் மூன்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கு செய்த நாளில் தடுப்பூசி போடப்பட்டது. பிடித்துக் கொடுத்தவர் மீன்காரர், அவருக்குத்தான் அவை கிட்ட வரும். இதற்கிடையில் மாஸ்டரின் கிழ நாய் செத்துப்போக, அவர் ஒரு ஆண் குட்டி கொண்டுவந்திருக்கிறார். கறுவல் இப்போதைக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. குட்டிக்கு ஒரு வயது ஆகும்போது மறுபடியும் கொப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.